கெடு தாண்டிய வீடு

டமார் என்ற சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்தபோது, டீச்சர் தன் வீட்டு வாசலுக்கு உட்புறம் மல்லாந்து கிடந்தார். அவர் கதவில் மோதவில்லை. கதவு அகலத் திறந்திருந்தது. வெறும் காற்றில் மோதியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய வேகத்தில் நெற்றி புடைத்துவிட்டது. கையிலிருந்து நழுவிய சாப்பாட்டு டப்பா நிலைப்படி வரை உருண்டு போய், யாரோ காலால் தள்ளிவிட்டது போல உள்ளே திரும்பி வந்து அவர் இடுப்பருகில் நின்றது. சத்தம் கேட்டு வந்த கணவர் மனைவியைத் தூக்குவதற்கு முன் வாசலைத் தடவிப் பார்த்தார். கை ஓர் இடத்தில் நின்றது. தோளால் இடித்தார், நகரவில்லை. "மழைக்காலம் வந்தா கதவு பிடிச்சுக்கறது சகஜந்தான்" என்றார். "கதவு தொறந்துதாங்க இருக்கு" என்றார் டீச்சர், தரையிலிருந்தபடியே. "எதிர்த்துப் பேசாம முதல்ல எழுந்திரு" என்றார் கணவர்.

கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் இன்னமும் டைம்கீப்பர்தான். தாமதமாக வந்த டிரைவர்களைத் தன் காலம் முழுக்க வறுத்தெடுத்தவர். டிப்போவை விட்டு வந்த பிறகு வறுக்க வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பள்ளி மணி அடித்தபின் டீச்சர் வீடு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தாண்டினால் முன்பக்க ஜன்னலில் நின்றுகொண்டிருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார், கைக்கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே டீச்சர் பல வருடங்களாகக் கடைசித் தெருவை ஓடிக் கடந்துகொண்டிருந்தார்.

வீடு டீச்சர் பெயரில் இருந்தது. அவருடைய சேமநல நிதியில் வாங்கியது. ஆனால் அதைப் பற்றிப் பேசுவது, விலை சொல்வது, விற்கலாம் என்று முடிவெடுப்பது எல்லாம் டைம்கீப்பர். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், மூச்சுத் தொல்லை உள்ள தன் அப்பாவுக்குக் காற்றோட்டமான இடம் வேண்டும் என்று தேடி வந்தபோது, இந்த வீட்டின் முன்பக்க ஜன்னலைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் அதன் எதிரே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மனமில்லை. அங்கேயே விலை படிந்தது. ஒப்பந்தம் எழுதும் நாளில் டைம்கீப்பர் ஒரு வரியைத் தானே சொல்லி எழுத வைத்தார். டைம்கீப்பரும் டீச்சரும் இந்த வீட்டை வாங்கியபோது, முன்பு இருந்தவர் உடைந்த கட்டிலையும் இறுகிப்போன சிமென்ட் மூட்டைகளையும் விட்டுவிட்டுப் போய், பிறகு ஒரு நாள் வந்து "அது என் கட்டில்" என்று சண்டை போட்டிருந்தார். அந்த எரிச்சல் டைம்கீப்பருக்கு ஆறவே இல்லை. அதனால், "குறித்த தேதி கழிந்த பின் வீட்டுக்குள் எது இருந்தாலும் அது வீட்டைச் சேர்ந்தது, விற்றவருக்கு அதில் பாத்தியதை இல்லை" என்று எழுதச் சொன்னார். பத்திரக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், இது உங்களுக்கே பாதகமான வரி. வழக்கமா வாங்கறவங்கதான் கேப்பாங்க" என்றார். "நான் டைம்கீப்பர் ஐயா. எனக்குத் தேதியா பயம்?" என்றார் இவர். காட்டிய இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் அந்தத் தேதியை நம்பித் தான் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்.

அதற்குள் புதுச் சாலை இந்தப் பக்கம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சிலேயே விலை ஏறியது. லாரி ஷெட் முதலாளி ஒருவர் டீக்கடையில் வைத்து டைம்கீப்பரின் காதில் ஒரு தொகையைச் சொன்னார். காலி செய்ய வேண்டிய நாள் காலையில் அவர்களுடைய மகள் முதல் நடையாகச் சில அட்டைப்பெட்டிகளோடு, தாங்கள் குடிபோகப் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டுக்குப் போனாள். அவள் போன கையோடு, இரண்டாம் நடைக்கு வந்த மினி லாரியை டைம்கீப்பர் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் நர்ஸிடமிருந்து போன் வந்தது. டைம்கீப்பர் போனை வாங்காமல் மனைவியை நோக்கி விரலை ஆட்டினார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் பதில் சொல்ல வசதியாகத் தான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு டீச்சர் சொன்னார்: "பெயின்ட் இன்னும் காயலம்மா. கொஞ்ச நாள் பொறுங்க." எந்தச் சுவரிலும் பெயின்ட் அடிக்கவில்லை. அன்றோடு தேதி கழிந்தது. மறுநாள் காலையில்தான் டீச்சர் காற்றில் மோதி விழுந்தார்.

கெடு முடிந்தபோது வீட்டுக்குள் இல்லாததால் மகளுக்கு மட்டும் தடையில்லை. அவள் உள்ளே வந்தாள், வெளியே போனாள், காய்கறி வாங்கி வந்து போட்டாள், அம்மாவின் பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்தாள். அவள் வெளியே எடுத்துக்கொண்டு போன குடை வாசல் வரை வந்து, அவள் கையைவிட்டு நழுவி ஆணியில் போய் மாட்டிக்கொண்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். மகள் வெளியே நின்றாள், அம்மாவின் விரல்கள் நிலைப்படியில் மடங்கி நின்றன. "சும்மா இழுக்காதே, எலும்பு ஏதாவது ஆயிடப்போகுது" என்று உள்ளேயிருந்து டைம்கீப்பர் சத்தம் போட்டார். "எல்லாம் தானா சரியாகும். விலை இன்னும் ஏறுது."

தானாக எதுவும் சரியாகவில்லை. முதலில் டீச்சருக்குக் காதுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மாடித் தொட்டி நிரம்பும்போதெல்லாம் தலை கனத்தது. குழாயை மூடினால் லேசானது. மழை கூரையில் விழுந்தபோது உச்சந்தலை சில்லிட்டது. ஒரு நாள் முழங்கையில் அரிப்பெடுத்துச் சொறிந்தார். நகத்தில் வந்தது சுண்ணாம்பு. அதைப் புடவையில் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரர் டிவி மாட்டப் பொதுச் சுவரில் டிரில் போட்டபோது, வலது தோளைப் பிடித்துக்கொண்டு டீச்சர் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. டிரில்லை நிறுத்திய பிறகும் தோளில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி இருந்தது. ரத்தம் வரவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாமல் போய்விடுமோ என்று உட்காருவதை விட்டார். நின்றபடியே இருந்ததில் பாதம் தரையோடு இறுகத் தொடங்கியது. நிற்கும் இடம் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, அதே இடம்.

டைம்கீப்பர் ஜன்னலை விட்டு நகரவில்லை. லாரி ஷெட் முதலாளி எப்போது வருவார் என்று தெருவைப் பார்த்தபடியே நின்றார். ஒரு காலையில் டீச்சர் அவரைக் கூப்பிடத் திரும்பியபோது, அவர் பனியனுக்குள்ளாக எதிர்வீட்டு நாய் படுத்திருப்பது தெரிந்தது. மார்பு வழியே தெரு தெரிந்தது. ஒரு சைக்கிள் அவருடைய இடது விலாவில் நுழைந்து வலது விலாவில் வெளியேறியது. "என்னங்க, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "லேசா இருக்கு. நல்லா இருக்கு" என்றார் டைம்கீப்பர். பேசியபோது அவர் வாய் பட்ட இடத்தில் ஆவி படர்ந்து மறைந்தது.

மகள் போய்ப் பத்திரக்காரரைக் கூட்டி வந்தாள். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். தொழிலில் இதெல்லாம் பார்த்தவர். "பின் தெருவுல ஒருத்தர் இப்படித்தான் பேசினபடி காலி பண்ணாம இழுத்தடிச்சார். இப்போ மாடிக்காரங்க அவர் மேலதான் ஏறிப் போறாங்க. நல்ல படிக்கட்டு, ஆடாது" என்றார். பிறகு அங்கிருந்தபடியே குரலை உயர்த்தி விளக்கினார். ஒப்பந்தத்தை மீறியாகிவிட்டது. சரிசெய்ய வழி இல்லாமலில்லை. வாங்குபவர் சம்மதித்தால் தேதியைத் தள்ளிப் புதிதாக எழுதலாம்; இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் ரத்து செய்யலாம்; இல்லையென்றால் பேசியபடியே பத்திரத்தை முடித்துச் சாவியைக் கொடுத்துவிடலாம். எதுவானாலும் நர்ஸ் வந்தாக வேண்டும். ஜன்னலிலிருந்து டைம்கீப்பர், "பஸ் லேட்டா வந்தா பஸ் இல்லைன்னு ஆயிடுமா? அந்தம்மா காத்திருக்கட்டும். தேதியைத் தள்ளறதுன்னா புது விலை போட்டுத் தள்ளச் சொல்லுங்க" என்றார். சொல்லி முடிக்கும்போது டக் என்று ஒரு சத்தம். அவர் கழுத்திலிருந்து தோள் வரை மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. பத்திரக்காரர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்தது லாரி ஷெட் முதலாளி. கூடவே ஒரு மேஸ்திரி. "சார்... சார்..." என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, பதில் இல்லை என்று நினைத்து உள்ளே வந்தார்கள். பதில் வந்தது. டைம்கீப்பர், "வாங்க வாங்க" என்றுதான் சொன்னார். ஆனால் விலை பேச வந்தவர் கண்ணுக்கு வீடு மட்டும்தான் தெரிந்தது. டேப்பைப் பிடித்துக் கூடத்தை அளந்தார்கள். டேப்பின் ஒரு முனையை மேஸ்திரி டீச்சரின் இடுப்பில் அழுத்திப் பிடித்தான். "சார், நான் உசுரோட இருக்கேன்" என்று டீச்சர் கத்தினார். மேஸ்திரி காதைக் குடைந்துகொண்டு, "குழாய்ல காத்து அடைச்சிருக்கு போல, கீச்சுன்னு சத்தம் வருது" என்றான். முதலாளி விரல் முட்டியால் டீச்சரின் தோளில் தட்டிப் பார்த்தார். டொக், டொக். அந்தச் சத்தத்தை டீச்சரும் கேட்டார். "கெட்டியாத்தான் இருக்கு. ஆனா நடுவுல இந்தத் தூண் எதுக்கு? கூடமே குறுகிப்போச்சு" என்றார் முதலாளி. "ஒரு காலைப் பொழுது வேலை சார். சம்மட்டிய எடுத்தா பொடியாயிடும்" என்றான் மேஸ்திரி. சுண்ணாம்புக் கட்டியால் டீச்சரின் வயிற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜன்னலிலிருந்து சந்தோஷமான குரல் வந்தது. "கேட்டியா டீச்சர்? ஆளு ரெடி. விலை படிஞ்ச மாதிரிதான்."

டீச்சர் வயிற்றில் இருந்த குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் தப்பான கணக்குக்கு அவர் போடும் குறி. உடம்பு நடுங்க வேண்டும் போலிருந்தது, நடுங்க முடியவில்லை. மேலே கூரையிலிருந்து கொஞ்சம் தூசிதான் உதிர்ந்தது. அப்போது அவருக்குச் சாதாரணமான ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது தானேதான். வீடு தன் பெயரில். இதை முடிக்க ஜன்னலைக் கேட்க வேண்டியதில்லை. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டே நின்றதில்தான் கால் இறுகிப்போயிருக்கிறது. மறுநாள் மகள் வந்ததும், "நர்ஸைக் கூட்டிட்டு வா" என்றார். "அப்பா?" என்று மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அவரைக் கேட்டு நடந்ததெல்லாம் போதும். அவர் விரலை ஆட்டினார், நான் பொய் சொன்னேன். சீக்கிரம் போ. கழுத்து வரைக்கும் வந்துட்டா அப்புறம் பேசவும் முடியாது."

நர்ஸும் அவர் அப்பாவும் மருத்துவமனையின் பழைய பொருட்கள் போடும் அறையில், கட்டில்களுக்கும் துருப்பிடித்த தள்ளுவண்டிகளுக்கும் நடுவே இருந்தார்கள். ஜன்னல் கிடையாது. அப்பாவின் இருமல் வராந்தாவின் மறுகோடி வரை கேட்டது. மகள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை நர்ஸ் ஒரு மாத்திரை அட்டையைக் கிழித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "பெயின்ட் காஞ்சிடுச்சாமா?" என்றார். மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "உங்க அம்மா டீச்சர்னுதான் நான் அந்த வார்த்தையை நம்பினேன். பஸ்காரர் சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். மகள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். மாலை வேலை முடிந்து வந்த நர்ஸ் அவள் அங்கேயே இருப்பதைப் பார்த்து, "எந்திரி. கழுத்து வரைக்கும் வந்துடுச்சுன்னா மருந்து கிடையாது. நாளைக்குக் காலைல வரேன்" என்றார்.

நடக்க முடியாதவர்களுக்காகப் பதிவு அதிகாரி வீட்டுக்கே வருவது அந்த அலுவலகத்தில் வழக்கம்தான். மனுவில் காரணம் என்ற இடத்தில் பத்திரக்காரர் "தூண் ஆகிக்கொண்டிருக்கிறார்" என்று எழுதினார். அதிகாரி அதில் பச்சை மையால் ஒரு டிக் அடித்தார். அவர்கள் உள்ளே வந்தபோது டைம்கீப்பர், "டீச்சர், கையெழுத்துப் போடாதே. நான் சொல்றேன், போடாதே" என்று கத்தினார். கண்ணாடிச் சட்டம் கடகடவென்று ஆடியது. அந்தக் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் டீச்சரின் தலை அந்தப் பக்கம் திரும்பப் போனது. கழுத்து திரும்பவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். வலது கை முழங்கை வரை சுவர். மகள் பிடித்து உதவப் போனாள். "அவங்களேதான் போடணும்" என்றார் அதிகாரி. டீச்சர் விரல்களை மடக்கினார். மேல் பூச்சு கீறி, சுண்ணாம்புப் பொடி பத்திரத்தின் மேல் கொட்டியது. முதல் எழுத்து போட்டபோது கட்டை விரலில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் ரத்தம் வந்தது. பல நாள் கழித்துப் பார்க்கும் ரத்தம். டீச்சர் அதைப் பார்த்து அழுதுகொண்டே மீதி எழுத்துகளையும் போட்டு முடித்தார். மகள் சாவிக்கொத்தை எடுத்து நர்ஸின் கையில் கொடுத்தாள். அதிகாரி பொடியை ஊதிவிட்டு முத்திரை குத்தினார்.

ஒப்பந்த மீறல் அத்தோடு தீர்ந்தது. ஆனால் பத்திரக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். இனி வீடு நர்ஸுடையது. வீட்டுக்குள் இருப்பதும் நர்ஸுடையது. வைத்துக்கொள்வதும் எடுத்துப் போடுவதும் அவர் இஷ்டம். நர்ஸ் அப்பாவின் கையைப் பிடித்து மெதுவாக ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். அலமாரியைத் திறந்து மூடினார். குழாயைத் திருகினார், டீச்சரின் காதில் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்து தூணின் எதிரே நின்று ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தூண் நிற்பதால் கூரைக்குப் பலம்தான் என்று அவருக்குத் தோன்றக்கூடும் என டீச்சர் நினைத்தார். தோன்றினால் குற்றம் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார். இமை இறங்கவில்லை.

நர்ஸ் தட்டிப் பார்க்கவில்லை. டீச்சரின் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணினார். நெடு நேரம் எண்ணுவது போலிருந்தது. "நாடி இருக்கு" என்றார் அப்பாவிடம். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இது எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்குவது போல ஒரு சத்தத்தோடு டீச்சரின் கால்கள் தரையை விட்டு வந்தன. மகள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தெருவில் வெயில் அடித்தது. டீச்சர் அங்கேயே புழுதியில் உட்கார்ந்துகொண்டார். உட்காருவது அவ்வளவு சுகமாக இருந்தது. உள்ளே நர்ஸ் ஜன்னல் அருகே போய், "இதுவும் எனக்கு வேண்டாம், நீங்களும் போகலாம் சார்" என்றார். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. "ஒரே ஒரு வாரம். இன்னும் ஏறும். இப்பவே போனா நஷ்டம்" என்றார் டைம்கீப்பர். நர்ஸ் இன்னொரு தடவையும் சொன்னார். போகலாம் என்று சொல்லத்தான் முடியும், இழுத்துப் போக முடியாது. மகள் ஒரு கண்ணாடிக்காரரைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் கீறலைத் தடவிப் பார்த்து, "தானா வந்தா உண்டு. நான் கை வெச்சா உடைஞ்சுடும்மா" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனார்.

வருடங்கள் ஓடின. புதுச் சாலை ஊருக்கு மறுபக்கமாகப் போனது. இந்தப் பக்கம் வீட்டு விலை படுத்துவிட்டது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. லாரி ஷெட் முதலாளி ஷெட்டையே விற்றுவிட்டார். நர்ஸின் அப்பா அந்த ஜன்னலின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருமல் குறைந்து, நிம்மதியாகக் கடைசிக் காலத்தைக் கழித்தார். டீச்சரின் தோளில் அந்தக் குழி மட்டும் மாறவில்லை. மகளோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஓய்வு பெறும் வரை அதே பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தார். திரும்பும் வழியில் கடை கண்ணிகளில் நின்றார். தோழிகள் வீட்டில் உட்கார்ந்து பேசினார். கடைசித் தெருவை ஓடிக் கடப்பதை விட்டுவிட்டார். வாரம் தவறாமல் ஒரு காய்ந்த துணியோடு வந்து முன்பக்க ஜன்னலைத் துடைத்தார். துடைக்கும்போது கண்ணாடியில் ஆவி படரும். டீச்சர் கிட்டே குனிந்து ஏதோ சொல்வார். ஆவி கலைந்துவிடும். என்ன சொல்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதில்லை.

நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றலானபோது ஓர் இளம் எலக்ட்ரீஷியன் அந்த வீட்டை வாங்கினான். முன்பக்க ஜன்னலை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நர்ஸ் கெடுவுக்கு முன்பே எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டு, அறைகளைத் தானே பெருக்கி, வாசலில் நின்று சாவியைக் கொடுத்தார். அன்றைக்கும் டீச்சர் துணியோடு வந்திருந்தார். துடைத்து முடித்து அவர் படியிறங்கும்போது எலக்ட்ரீஷியன் பின்னாலேயே ஓடி வந்தான். "டீச்சர், இந்த ஜன்னல் பேசுது. இப்ப என்ன விலைன்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் துணியை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தார். ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏறிக்கிட்டே இருக்குன்னு சொல்லுங்க தம்பி. இறங்கிடுச்சுன்னு தெரிஞ்சா, அவர் கிளம்பி வீட்டுக்கு வந்துடுவார்."